நின்றுபோன தீட்டு

இறுப்பிட்டியில் அந்தப் பிள்ளையார் கோயிலைச் சுற்றி இருந்தவர்களுக்கு ஐயரம்மா யோகாம்பாளின் மாதக் கணக்கு முப்பது வருசமாகத் தெரிந்திருந்தது. அதற்காக யாரும் வேலிக்குள்ளால் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. காலைப் பூசைப் பொங்கலை வாயில் வைத்தால் போதும். பெரிய கோயில்களில் மடைப்பள்ளிச் சமையலுக்குத் தனியாக ஆள் வைத்திருப்பார்கள். இது சின்னக் கோயில். பூசைக்கு ஐயர், சமையலுக்கு ஐயரம்மா, அவ்வளவுதான். மாதத்தில் மூன்று நாள் அவள் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பான பின்பத்தியில் ஒதுங்கிவிடுவாள். அந்த நாட்களில் அவள் புருசன் சந்திரமௌலீச ஐயரே அடுப்பை மூட்டுவார். ஐயருக்கு மந்திரம் வந்த அளவுக்கு அடுப்பு வரவில்லை. அடிப்பிடித்து, புகை மணத்தோடு, குழந்தைகள்கூடத் துப்புகிற பொங்கல் ஒன்று சாமிக்குப் படைக்கப்படும். 'ஐயரம்மா வீட்டுக்குத் தூரம் போலை' என்று பெண்கள் தமக்குள் சிரித்துக்கொண்டு, பிரசாதமாயிற்றே என்று கண்ணை மூடி விழுங்கிவிடுவார்கள்.

நாற்பத்தேழாவது வயதில் அவளுக்கு அது நின்றது. "ஐயரம்மா, இனி எங்களுக்கு மாசம் முழுக்க நல்ல பொங்கல்தான்" என்று கோயில் மனேச்சர் ஏரம்பரின் பெண்சாதி பரிமளம் கிணற்றடியில் பகிடி விட்டாள். யோகாம்பாளுக்குக் காது சுட்டது. ஆனாலும் நிம்மதிதான். தன் உடம்பை ஊரே வாயில் போட்டுச் சுவைத்துப் பார்க்கிற கேவலம் அன்றோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. எழுபத்திரண்டாம் ஆண்டு சித்திராபௌர்ணமி அன்று, கோயிலில் ஊருக்கு ஊற்றுகிற சித்திரைக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொடையில் ஈரம் பட்டது. ஒதுக்கமாகப் போய்ப் பார்த்தாள். இரத்தம். நாலு வருசமாக எட்டிப் பார்க்காதது.

செய்யவேண்டியது என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அகப்பையை வைத்துவிட்டுப் பின்பத்திக்குப் போகவேண்டும். ஐயர் வந்து கஞ்சி காய்ச்சவேண்டும். ஐயர் காய்ச்சினால் அது அடிப்பிடிக்கும், அடிப்பிடித்தால் ஊருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் மகள் விமலாம்பிகை ஐந்து மாத வயிற்றோடு இருக்கிறாள். மகள் பிள்ளை பெறப்போகிற நேரத்தில் தாய்க்கு இது திரும்பி வந்திருக்கிறதென்றால் பரிமளத்தின் வாய் சும்மா இருக்குமா? யோகாம்பாள் தெய்வத்துக்குப் பயந்தவள்தான். ஊருக்கு அதைவிடப் பயந்தவள். சீலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து கஞ்சியைக் கிண்டினாள். அன்றைய கஞ்சி அருமையாக வாய்த்தது. எல்லாரும் இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார்கள்.

ஒரு தரம்தானே, உடம்புச் சூடாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அது ஒரு தரத்தோடு நிற்கவில்லை. கணக்கும் வழக்கும் இல்லாமல் வந்தது. பாரமான குடத்தைத் தூக்கினால் வந்தது, குனிந்து எழும்பினால் வந்தது. பிறகு வெறும் நீராகவும் போகத் தொடங்கியது. அந்த நீருக்கு ஒரு நாற்றம் இருந்தது. நாற்றத்துக்குப் பயந்து மூன்று நேரமும் தலை முழுகினாள். வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீர் தூரத்தில். உப்புத் தண்ணீரில் முழுகி முழுகித் தலைமயிர் தேங்காய்த் தும்பாகிப்போனது. துணிகளை விடியுமுன் அலசி, பின்வளவில் பழைய கிடுகுக் குவியலுக்குக் கீழே விரித்துக் காயப்போடுவாள்.

ஆனித் திருவிழா வந்தது. பத்து நாளும் மோதகம், வடை, சர்க்கரைப் பொங்கல். பத்து நாளும் அவளுக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. "எங்கடை ஐயரம்மாவைப் போலை ஆசாரமான மனிசி எந்தத் தீவிலை இருக்கிறா? மூண்டு நேரமும் முழுகிறா!" என்று பரிமளம் வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னாள். கடைசி நாள் ஏரம்பர் மடைப்பள்ளி வாசலுக்கே வந்து, "ஐயரம்மா, இந்த மோதகத்துக்காகவே பிள்ளையார் இந்த ஊரிலை இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். புகழ்ச்சி இப்படியும் சுடும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுப்புப் புகையைச் சாட்டாக வைத்துக்கொண்டு அழுதாள். தெரிந்துகொண்டே தீட்டுக் கையால் சாமிக்குப் படைத்தவள் தான் ஒருத்திதான் இருப்பாள் என்று நினைத்தபோது நிலம் பிளந்தால் நல்லது என்று இருந்தது.

ஐயர் ஒரே ஒரு முறை கேட்டார். "உமக்கு உடம்புக்கு ஏலாதோ? வெளுத்துப்போய்க் கிடக்கிறீர்."

"வெய்யில்தான்" என்றாள்.

ஐயர் அதற்கு மேல் கேட்கவில்லை. பஞ்சபாத்திரத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

மார்கழியில், திருவெம்பாவைப் பூசைக்கு இருட்டோடு எழும்பி அடுப்பு மூட்டியவள், பானையை இறக்கும்போது அப்படியே சரிந்து விழுந்தாள். ஏரம்பரின் காரில் போட்டு, பாலம் தாண்டி, யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவளுடைய கண்மடலை இழுத்துப் பார்த்த நேர்ஸ், அல்லைப்பிட்டிக்காரி மேரிறோஸ், "இதென்ன அம்மா, உடம்பிலை இரத்தமே இல்லை! எங்கையாலை போகுது?" என்று கேட்டாள்.

யோகாம்பாள் மெல்லச் சொன்னாள்.

"எப்ப துடங்கினது?"

மறைப்புச் சீலைக்கு அந்தப் பக்கம் ஐயர் நிற்பது தெரிந்தது. அவருடைய கால்கள் தெரிந்தன.

"போன மாசந்தான்" என்றாள் யோகாம்பாள்.

டொக்டர் ஆண்பிள்ளை. அவர் சோதித்துப் பார்த்த விதத்தை அவள் தன் மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, கந்தசஷ்டிக் கவசத்தைத் தொடக்கமும் முடிவும் மாறிப்போகும்படி முணுமுணுத்தாள். மேரிறோஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த நாள் மயக்க மருந்து கொடுத்து, உள்ளே இருந்து ஒரு சின்னச் சதைத் துண்டு வெட்டி எடுத்தார்கள். அதை மெல்லிசாகச் சீவிச் சாயம் போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்க்கவேண்டும், முடிவு வர நாள் செல்லும் என்றார்கள். யாரோ முகம் தெரியாதவர்களின் இரத்தத்தைப் போத்தலில் கட்டி ஏற்றி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முடிவு வருமுன்னமே யோகாம்பாள் தனக்குத் தானே முடிவு சொல்லிவிட்டாள். இது நோயில்லை, தண்டனை. எந்த வழியால் தீட்டுப் போனதோ அந்த வழியிலேயே பிள்ளையார் கை வைத்துவிட்டார். சாமி கொடுத்ததை ஆஸ்பத்திரி எடுக்குமோ? எடுக்கத்தான் விடலாமோ?

தை மாதம் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி டொக்டர் சொன்னார். புற்றுநோய். கர்ப்பப்பையின் வாயில் வந்திருக்கிறது. பக்கத்துச் சதைக்கும் கொஞ்சம் இறங்கிவிட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய், கரண்ட் என்று சனம் சொல்கிற கதிர் பிடித்து, ரேடியமும் வைத்தால் சுகப்பட இடமிருக்கிறது.

"நான் போகேல்லை" என்றாள் யோகாம்பாள்.

"ஏன் அம்மா?"

"எனக்கு இது வரவேண்டியதுதான்."

டொக்டர் பொறுமைசாலி என்று சொல்லமுடியாது. வெளியே ஒரு கூட்டம் இருந்தது. ஆனாலும் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு, வார்த்தைகளைத் தேடித் தேடிக் கேட்டாள். "டொக்டர் ஐயா, ஆனி மாசம் ஒரு ஆள் ஒரு பெரிய பிழை செய்திருந்தால்... அதாலை இது வருமோ?"

"ஆனியோ?" டொக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, இது ஆனியிலை முளைச்ச சாமானில்லை. அந்த இடத்துத் தோலிலை எங்கையோ ஒரு துளி முதலிலை முறை பிசகி வளரும். கண்ணுக்குத் தெரியாது, நோகாது, இரத்தமும் வராது. உடம்பு தன்ரை பாட்டிலை இருக்கும், அதுவும் தன்ரை பாட்டிலை பெருகிக்கொண்டிருக்கும். வருசக்கணக்கா அப்பிடிக் கிடந்துதான் பிறகு ஆழத்துக்கு இறங்கும். இறங்கினாப் பிறகுதான் புண்ணாகி இரத்தம் கசியும். இரத்தம் வந்தது கடைசியிலை. உங்களுக்கு இது துடங்கேக்கை உங்கடை மகளுக்குக் கலியாணமே ஆகியிராது. நீங்கள் செய்த பிழைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

யோகாம்பாள் அதை உள்ளுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கஞ்சி காய்ச்சுவதற்கு முன்பே, மோதகம் பிடிப்பதற்கு முன்பே, அவள் சுத்தமானவள் என்று தன்னை நம்பிக்கொண்டு நல்ல பொங்கல் படைத்த நாட்களிலேயே அது உள்ளே இருந்திருக்கிறது. பிள்ளையார் அவளைத் தண்டிக்கவில்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

ஆனால் டொக்டர் விடவில்லை. "ஒரு மாசத்திலை இவ்வளவு இரத்தம் குறையாது. வேகமாய்ப் பரவுற வகையோ, மெல்லப் பரவுறதோ எண்டு எனக்குத் தெரியவேணும். உண்மையைச் சொல்லுங்கோ. முதல் முதல் எப்ப கண்டனீங்கள்?"

சொன்னால் பக்கத்துக் கதிரையில் இருக்கிற மனிதர் அந்த மாதங்களை எண்ணிப் பார்ப்பார். அவருடைய கையால் படைத்த ஒவ்வொரு நைவேத்தியத்தையும் எண்ணிப் பார்ப்பார். சீலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"சித்திரையிலை" என்றார் ஐயர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஐயர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்திரைக் கஞ்சி அண்டைக்கு" என்றார். "கிடுகுக்குக் கீழை துணி கிடந்தது. அதுக்குப் பிறகு விடாமல் கிடந்தது."

டொக்டருக்கு இதில் இருந்த விபரீதம் விளங்கவில்லை. அவர் எழுதிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்: "சித்திரையிலையே வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம்."

யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போகும்போது புருசனும் பெண்சாதியும் எதிரெதிரே இருந்தார்கள். யோகாம்பாளுக்கு வந்தது கோபமென்று சொன்னால் அது அரைவாசி உண்மை. எட்டு மாதம் யாருக்குத் தெரியக்கூடாதென்று இருட்டில் உப்புத் தண்ணீரில் கையைப் பழுக்க வைத்தாளோ, அந்த ஆளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. அவள் நடித்ததையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிர்வாணமாய் நடுத்தெருவில் நடந்துவிட்டு, பிறகு அதை அறிந்தவளைப்போல அவள் கூசிப்போய் இருந்தாள்.

மகரகமையில் முதலில் கிழமைக் கணக்காகக் கரண்ட் பிடித்தார்கள். ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கீழே கிடத்திவிட்டு எல்லாரும் அறையை விட்டு ஓடிவிடுவார்கள். நோகவில்லை, ஆனால் நாளாக ஆக இடுப்பைச் சுற்றித் தோல் கறுத்தது, வயிறு அடிக்கடி கழன்றது. இரத்தம் குறைந்து குறைந்து வந்தது. அதன் பிறகு மயக்கி, ரேடியத்தை உள்ளே வைத்து, ஒரு தனி அறையில் போட்டார்கள். புரளக்கூடாது, எழும்பக்கூடாது. யாரும் கிட்ட வரக்கூடாது, வருபவர்களுக்குக் கெடுதி. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவருகிற பெண் அதை எட்டி வைத்துவிட்டு விறுவிறென்று போய்விடுவாள். வாசலில் நிலத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.

யோகாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. பின்பத்தி தேடிக் கொழும்புக்கு வந்திருக்கிறாள்.

ஐயர் வெள்ளவத்தையில் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். இரண்டாம் நாள் வந்து கோட்டுக்கு வெளியே நின்றார். முப்பது வருசம் பின்பத்தி வாசலில் நின்ற அதே நிலைதான்.

"நீங்கள் அதைச் சாமிக்கு வைக்கேக்கை என்ன நினைச்சனீங்கள்?" என்று அவள் முகட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

ஐயருக்கு எதைப்பற்றிக் கேட்கிறாள் என்று விளங்கியது. "ஒண்டும் நினைக்கேல்லை" என்றார். பிறகு, "பொய். நினைச்சனான். உம்மை விலக்கினால் ஆர் சமைக்கிறது எண்டு நினைச்சனான். திருவிழா முடியட்டும், கேப்பம் எண்டு இருந்தனான். முடிஞ்சாப் பிறகு எப்பிடிக் கேக்கிறது? கேட்டால், தெரிஞ்சுகொண்டு படைச்சவன் எண்டு ஆகிப்போடுமே. எனக்கு வெக்கமாயிருந்தது" என்றார்.

"எனக்கும் வெக்கந்தான்" என்றாள் யோகாம்பாள். "உங்கடை வெக்கமும் என்ரை வெக்கமும் சேந்துதான் இந்த நோய்க்குத் தண்ணி ஊத்தியிருக்கு."

ஐயர் கோட்டுக்கு வெளியே நின்று சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

வைகாசியில் ஊர் திரும்பியபோது இரத்தம் முற்றாக நின்றிருந்தது. ஆள் பாதியாகியிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டவேண்டும், இப்போதைக்கு நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் இல்லாத மாதங்களில் ஐயரின் தம்பிமுறையான ஒருவர் வந்து பூசை செய்து, பொங்கலையும் பொங்கியிருந்தார். அடுப்பு வராதது அந்தப் பரம்பரைக்கே பொது போலும். வயிற்றில் கட்டி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தது. ஊர் அதை நம்பிக்கொண்டு கரிந்த பொங்கலைத் தின்று சலித்திருந்தது.

ஆனித் திருவிழா நெருங்கியபோது ஏரம்பரும் பரிமளமும் பழத்தட்டோடு வந்தார்கள்.

"ஐயரம்மா, குறை நினையாதையுங்கோ" என்று ஏரம்பர் தொடங்கினார். "உடம்பு ஏலுமெண்டால் கடைசி நாள் மோதகம் மட்டும் உங்கடை கையாலை. போன வருசத்து மோதகம் இன்னும் என்ரை நாக்கிலை நிக்குது. அந்தச் சுத்தம் வேறை ஆருக்கு வரும்?"

யோகாம்பாள் ஐயரைப் பார்த்தாள். ஐயர் தூணைப் பார்த்தார். ஓம் என்று சொல்லிவிடலாம். இப்போது அவளிடம் ஒரு தீட்டும் இல்லை. இனி வரவும் வராது. போன வருசத்துப் பொய்யை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் அந்தச் 'சுத்தம்' என்ற சொல்லை இன்னொரு தரம் வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"போன வருசம் அந்த மோதகம் பிடிக்கேக்கை எனக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது" என்றாள். "பத்து நாளும். எனக்கு வந்தது கட்டியில்லை, புற்றுநோய். கர்ப்பப்பையிலை. மகரகமையிலை கரண்ட் பிடிச்சு, ரேடியம் வைச்சுத்தான் இரத்தம் நிண்டது. நிண்டுபோனது திரும்ப வந்தது எண்டு சொல்ல வெக்கப்பட்டு மறைச்சனான்."

ஏரம்பரின் முகம் வெளுத்தது. ஐயரைப் பார்த்து, "உங்களுக்கு இது தெரியுமோ ஐயா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் ஐயர் தப்பிவிடுவார். பழி அவளோடு போய்விடும், கோயிலும் வேலையும் அவருக்கு மிஞ்சும்.

"ஓம். தெரியும்" என்றார் ஐயர். "தெரிஞ்சுகொண்டுதான் படைச்சனான்."

பிராயச்சித்தம் செய்யவேண்டும், இந்த வருசத் திருவிழாவுக்கு வேறு ஊரிலிருந்து ஐயரைக் கூப்பிடவேண்டும், மற்றதைப் பிறகு யோசிப்போம் என்று ஏரம்பர் யாருடைய முகத்தையும் பாராமல் சொன்னார். பழத்தட்டைத் திருப்பி எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விட்டுவிட்டுப் போனார். ஊருக்கெல்லாம் வாய் வைத்திருந்த பரிமளம் அன்றைக்கு அதை வீட்டில் வைத்துவிட்டு வந்தவளைப்போலப் புருசனுக்குப் பின்னால் போனாள். நாளைக்குக் கிணற்றடியில் கதை பறக்கும் என்று யோகாம்பாள் நினைத்தாள். பறக்கட்டும். வெட்கம் போகவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஒளித்து வைக்க இனி அவளிடம் ஒன்றும் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டை ஐயர் சமைத்தார். அடிப்பிடித்திருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம் பின்வளவில் படலை அசைந்தது. பரிமளம். தலை நனைந்திருந்தது. கிணற்றுக் கட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயரம்மா, அந்தக் கரண்ட் பிடிக்கிறது... நோகுமோ?"

"நோகாது. ஏன் கேக்கிறீர்?"

"சும்மாதான்." சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ரேடியம் வைக்கேக்கை ஆம்பிளை டொக்டர்தானோ?"

யோகாம்பாள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு நனைந்த தலையைப் பார்த்தாள். வாடையில்லாமல் இருக்க எத்தனை தரம் முழுகினால் தலைமயிர் இப்படித் தும்பாகும் என்று அந்தத் தீவில் அவளைவிட யாருக்குத் தெரியும்?

"உமக்கும் நிண்டுபோனது திரும்ப வந்திட்டுதோ?" என்று மெல்லக் கேட்டாள்.

பரிமளம் ஓமென்று தலையை ஆட்டினாள்.

"எப்ப துடங்கினது?"

"போன மாசந்தான்."

யோகாம்பாள் கிட்டப் போய் அவளுடைய கையைப் பிடித்தாள். "போன மாசம் எண்டுதான் நானும் சொன்னனான், பரிமளம்."

பரிமளம் கிணற்றுக் கட்டில் பொத்தென்று இருந்து, வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு அழுதாள். "தைப்பொங்கலிலையிருந்து" என்றாள். "அவருக்குத் தெரியாது."

"தெரியவேணும்" என்றாள் யோகாம்பாள். "இப்ப போய்ச் சொல்லும். விடிய முதல் பஸ்சிலை வெளிக்கிடுவம். நானும் வாறன்."